காட்டுனது கம்மி

படம் எப்படி என்று கேட்டார்கள். கம்மி என்று சொன்னேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம் என்று விட்டிருக்கிறேன். வேலூர் பக்கம், தோல் கம்பெனிகள் இருக்கிற ஊர்களில் ஒன்று. இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

நான் அப்போது ஷேவிங் மிஷினில் வேலை செய்தேன். பதனிட்ட ஈரத்தோலை அந்த மிஷின் சீவி ஒரே தடிமனுக்குக் கொண்டுவரும். மிஷினை ஓட்டுவது ஒரு பாய். பக்கத்தில் நின்று தடிமன் பார்ப்பது நான். கையில் கேஜ் இருக்கும். கழுத்தில் ஒரு இடம், முதுகில் ஒரு இடம், வயிற்றில் ஒரு இடம் வைத்துப் பார்க்க வேண்டும். மிஷின் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. ஆகையால் மூன்றே சொல். சரி. ஜாஸ்தி. கம்மி. ஜாஸ்தி என்றால் பாய் இன்னொரு தடவை சீவுவார். கம்மி என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. சீவியதை ஒட்ட வைக்க முடியாது. அந்தத் தோலைத் தனியாகத் தூக்கிப் போடுவோம்.

வருஷக்கணக்கில் இந்த மூன்றையே கத்தியவன் நான். வீட்டிலும் அப்படியே வந்துவிட்டது. உப்பு எப்படி என்று என் மனைவி கேட்பாள். கம்மி என்பேன். அவள் உப்பு டப்பாவை என் பக்கம் தள்ளுவாள். அன்றைய பேச்சு முடிந்தது.

என் தம்பி லோடு ஆட்டோ ஓட்டினான். அம்மா அப்பா இல்லை. அவன் எங்களோடுதான் இருந்தான். கல்யாணம் ஆகவில்லை. நான் சொல்லும் படம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால், எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த குடோனில் தோல் கட்டுகள் காணாமல் போயின. அந்தக் குடோன் வாசலில்தான் தம்பியின் ஆட்டோ நிற்கும். காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவனை ஸ்டேஷனிலிருந்து வந்து கூப்பிட்டார்கள். வாய் கொப்பளிக்க விடவில்லை. நுரையோடு போனான்.

மூன்றாம் நாள் மத்தியானம் விட்டார்கள். கேஸ் எதுவும் போடவில்லை. நான் போய்க் கூட்டி வந்தேன். அவன் செருப்பு அவன் காலில் நுழையவில்லை. என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன். அதுவும் பாதிதான் போயிற்று. நான் வெறுங்காலோடு நடந்தேன். வெயில் காலம். தார் ஒட்டியது. அப்படியும் அவன் என்னை விட மெதுவாகத்தான் நடந்தான்.

வீட்டில் குப்புறப் படுத்தான். பாதத்தைப் பார்த்தேன். சிவந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். சிவப்பு இல்லை. எங்கள் மிஷினுக்கு வருகிற ஈரத்தோலின் நிறம். சாம்பல் கலந்த நீலம். வீங்கிக் கிடந்தது. என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாக விரிந்தன. அளந்து பழகிய கை. மடக்கிக்கொண்டேன்.

தோலை எடுத்தது யார் என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. தம்பி எடுக்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

விடுவதற்கு முன்னால் அவனிடம் ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஒன்றும் எழுதாத தாள். அடியில் கையெழுத்து மட்டும். ஏட்டு என் கண் முன்னாலேயே அதை ஒரு அட்டைக்குள் வைத்துக் கயிறு கட்டினார். பிறகு தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

“பேப்பர் இங்க இருக்குது. நீ ஒழுங்கா இருந்தா அதுவும் ஒழுங்கா இருக்கும்.”

மேலே காலியாக இருக்கிற இடத்தில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். எடுத்தேன் என்று எழுதலாம். வெட்டினேன் என்றும் எழுதலாம். கையெழுத்து அவனுடையது. அந்த இரண்டு வருஷமும் தம்பி அந்தத் தாளோடுதான் வாழ்ந்தான். ஊரில் எங்காவது ஏதாவது காணாமல் போனது என்று காதில் விழுந்தால் அன்றைக்கு ஆட்டோவை எடுக்க மாட்டான். கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான்.

“எழுதியிருப்பாங்களாண்ணா?”

“இல்லடா.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

எனக்குத் தெரியாது.

இப்படி இருக்கும்போது அந்தப் படம் வந்தது. போலீஸ் படம். எங்கள் பக்கத்துக்கு வருவதற்கு முன்னாலேயே பேச்சு வந்துவிட்டது. மாமூல் வாங்குகிற ஒரு இன்ஸ்பெக்டர். கள்ளக்கடத்தல் செய்கிறவனைக் காப்பாற்ற ஒன்றும் தெரியாத ஒருவனைப் பிடித்து உள்ளே வைக்கிறான். பல நாள் அடித்துக் கடைசியில் கொல்கிறான். அவனுக்குக் கீழே வேலை பார்க்கிற போலீஸ்காரன் ஒருவனே அவனைக் காட்டிக்கொடுக்கிறான். கடைசியில் இன்ஸ்பெக்டர் சுடப்பட்டுச் சாகிறான். இதுதான் கதை.

டீ நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு வெளியே இதே பேச்சுதான்.

“நம்ம ஊர்ல எடுத்திருந்தா செட்டே போட வேணாம்பா,” என்றார் பாய். “நேரா உள்ள போயி கேமராவ ஆன் பண்ணிக்கலாம்.”

“பாய், மெதுவா. ஜீப்பு போவுது.”

“போவட்டும். நான் படத்தப் பத்தி பேசறேன்.”

ஆனால் ஜீப் தாண்டுகிற வரைக்கும் பாய் டீயை ஊதிக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னி போகலாம் என்று பாய் கூப்பிட்டார். தம்பியையும் கேட்டேன். தலையை ஆட்டினான். வர மாட்டேன் என்ற ஆட்டல். நான் போயிருக்கக் கூடாது. போனேன்.

தியேட்டர் நிறைந்திருந்தது. கேட்டில் இரண்டு போலீஸ்காரர்கள் காவலுக்கு இருந்தார்கள். படம் ஆரம்பித்ததும் அவர்களும் உள்ளே வந்து கதவு ஓரம் நின்றுகொண்டார்கள். முதலில் விசில் பறந்தது. இன்ஸ்பெக்டராக நடித்தவன் மாமூல் கவரை வாங்கித் தொப்பிக்குள் வைக்கிற இடத்தில் பெஞ்சு டிக்கெட்டில் ஒருவன் எழுந்து நின்று கும்பிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். கதவு ஓரம் நின்ற போலீஸ்காரரில் ஒருவரும் சிரித்தார்.

பிறகு அந்த ஆளைக் கட்டி வைத்துப் பாதத்தில் அடிக்கிற காட்சி. விசில் நின்றது. யாரோ இருமினார்கள். அதுகூடப் பெரிதாகக் கேட்டது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் வேர்க்கடலையைக் கையில் வைத்தபடியே இருந்தார். வாயில் போடவில்லை. அந்தத் தியேட்டரில் அன்றைக்கு எத்தனை பேர் எதை நினைத்துக்கொண்டிருந்தார்களோ. நான் பாதத்தைப் பார்த்தேன். திரை முழுக்க ஒரு பாதம். சிவப்புச் சாயம் பூசியிருந்தார்கள். வீக்கம் இல்லை. அடுத்த காட்சியில் அந்த ஆள் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தான்.

இடைவேளையில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பாட்டு இல்லை என்றார்கள். கதாநாயகி எப்போது வருவாள் என்று ஒருவர் கேட்டார். “அவ இண்டர்வெல்ல சமோசா விக்கறா, போயி பாரு,” என்றார் பாய்.

படம் விட்டு வெளியே வந்தால் கேபிள்காரர் கேமராவோடு நின்றிருந்தார். எங்கள் ஊரில் அப்போது கேபிளில் சாயங்காலம் ஒரு மணி நேரம் உள்ளூர் நிகழ்ச்சி உண்டு. பிறந்தநாள் வாழ்த்து, நகைக்கடை விளம்பரம், ஊர்வலம், திருவிழா. புதுப்படம் வந்தால் மக்கள் கருத்து. கையில் மைக்கை வைத்துக்கொண்டு வருகிறவர்களை எல்லாம் மடக்கிக் கேட்டார்.

“சூப்பருங்க. ரெண்டு தடவ பாக்கலாம்.”

“மொத பாதி ஓக்கே. அப்புறம் இழுத்துட்டான். பேஜாரு.”

“கொழந்தைங்கள இட்டுனு வர முடியாதுங்க. ஒரே ரத்தம்,” என்றாள் இடுப்பில் குழந்தையோடு இருந்த ஒரு பெண். அந்தக் குழந்தை மைக்கைப் பிடித்து இழுத்தது.

கண்ணாடி போட்ட ஒருவர், வாத்தியார் போலிருந்தார், சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு பேசினார். “சமுதாயத்துக்குத் தேவையான படம். ஆனா போலீஸ்லயும் நல்லவங்க இருக்கறாங்க. அதையும் காட்டியிருக்கலாம்.” இதைச் சொல்லும்போது அவர் போலீஸ்காரர்கள் நின்ற கேட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

அடுத்தது மைக் என் வாய்க்கு வந்தது.

“நீங்க சொல்லுங்கண்ணா, படம் எப்படி?”

“கம்மி.”

“இன்னாண்ணா கம்மி? சண்டையா?”

“அடிச்சா அப்படி இருக்காது. காட்டுனது கம்மி.”

பாய் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். தெரு முனை வரைக்கும் விடவில்லை.

“உனக்கு இன்னாத்துக்கு இந்த வேல? கேஜ் பாக்கற எடமாய்யா அது?”

நான் சொன்னது அந்தப் பாதத்தை. நிறம் தப்பு, தடிமன் கம்மி. மிஷின் பக்கத்தில் நின்று சொல்வதுபோல் சொல்லிவிட்டேன். போலீஸைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. இதை அப்போதும் யாரும் நம்பவில்லை. பிறகும் யாரும் நம்பவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் போட்டார்கள். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஏங்க, நீங்க டீவில!”

பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டாள். அவளுக்குச் சந்தோஷம். தம்பி ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். நிலைப்படியில் நின்றபடியே பார்த்தான். நான் கம்மி என்றேன். காட்டுனது கம்மி என்றேன். உடனே நகைக்கடை வந்தது. கூட்டம் கலைந்த பிறகுதான் பேசினான்.

“அண்ணா, இது ஸ்டேஷன்லயும் வரும் இல்ல?”

“வரும்.”

“அங்க ஒரு டீவி இருக்குது. சத்தத்த ஜாஸ்தி வெச்சிட்டுத்தான்...”

குனிந்து தன் பாதத்தைப் பார்த்தான். என் மனைவி கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இந்த டீவி சமாச்சாரம் எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை கம்பெனியில் எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். “கம்மி அண்ணன் வந்துட்டாரு, வழி விடுங்க.” கேண்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர், “கம்மியா ஊத்தவா, ஜாஸ்தியா ஊத்தவா?” என்று கேட்டார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வேறு சிலர் வந்து என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்கள். லோடு ஏற்றுகிற ஒருவர். சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிற ஒருவர். அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. சிரித்தவர்களை விட இவர்கள்தான் எனக்குப் பயம் காட்டினார்கள்.

புதன்கிழமையும் மக்கள் கருத்து போட்டார்கள். சூப்பர் என்றவர் வந்தார். பேஜார் என்றவர் வந்தார். குழந்தை மைக்கை இழுத்தது. வாத்தியார் சட்டையை இழுத்து விட்டார். அதன் பிறகு நேராக நகைக்கடை. நான் இல்லை.

“உங்களக் காணோமே,” என்றாள் என் மனைவி.

தம்பி எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினான்.

வியாழக்கிழமை சாப்பாட்டு மணி அடித்து வெளியே வந்தேன். டீக்கடைப் பெஞ்சில் ஏட்டு உட்கார்ந்திருந்தார். அதே ஏட்டு. யூனிஃபார்ம் இல்லை. வெள்ளைச் சட்டை. பெஞ்சில் வேறு யாரும் இல்லை. எப்போதும் இடம் கிடைக்காத பெஞ்சு.

“நீதான் கம்மியா?”

நான் நின்றேன்.

“ஒக்காரு. டீ சாப்புடு.”

“வேணாங்கய்யா.”

“ஐயா உன்னப் பாக்கணும்னாரு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்துடு. லீவு சொல்லிடு.” எழுந்து வேட்டியை உதறினார். “தம்பி எப்படி இருக்கான்? வண்டி ஓடுதா?”

“ஓடுதுங்கய்யா.”

“ஓடட்டும்.”

சாயங்காலம் தம்பியிடம் சொன்னேன். மறைத்தால் வேறு யாராவது சொல்வார்கள். அவன் அதிர்ச்சி அடையவில்லை. இரண்டு வருஷமாகக் காத்திருந்தவன் போல் கேட்டுக்கொண்டான். என் மனைவியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணா, நீ போ. அவங்க இன்னா சொல்லச் சொன்னாலும் சொல்லிடு. கால்ல விழச் சொன்னாலும் விழுந்துடு. ஆனா ஒண்ணு. அந்தப் பேப்பரக் கேளு.”

“கேக்கறேன்.”

“அவங்களுக்கு இப்ப உன்னால ஒரு காரியம் ஆவணும். அதான் கூப்புடறாங்க. சும்மா தூக்கினு போகல பாரு. காரியம் ஆவறப்ப கேட்டாத்தான் குடுப்பாங்க. அப்புறம் கேட்டா சிரிப்பாங்க.”

“சரிடா.”

“சொல்லு பாப்போம். இன்னா கேப்ப?”

“ஐயா, தம்பி கையெழுத்துப் போட்ட பேப்பரக் குடுத்துடுங்க.”

“அவ்ளோதான். அத மட்டும் சொல்லிடு.”

அவன் அதை என்னை இரண்டு தடவை சொல்ல வைத்தான். எனக்குப் பேச்சு வராது என்று அவனுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் போனேன். உள்ளே ஒரு அலமாரி. அதன் மேல் அட்டைகள், கயிறு கட்டிக் கட்டிக் கூரை வரைக்கும். இன்னொரு மூலையில் டீவி. துணி போட்டு மூடியிருந்தது. நான் அட்டைகளையே பார்த்தேன். அதில் ஒன்றுக்குள் என் தம்பி இருந்தான்.

இன்ஸ்பெக்டர் புதிதாக வந்தவர். தம்பியை வைத்திருந்தபோது இருந்தவர் இல்லை. வயது குறைவு. உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. டீ வரவழைத்தார். குடித்தேன்.

“நானும் படம் பாத்தேன்,” என்றார். “நல்லா எடுத்திருக்கான். ஆனா தப்பு நெறைய. சட்டையில ஸ்டாரு தப்பு. லத்தியப் பிடிக்கத் தெரியல அவனுக்கு. நுனியப் பிடிச்சு அடிக்கறான். அப்படி அடிச்சா அடிக்கறவன் மணிக்கட்டுதான் போவும். நீ கவனிச்சியா?”

“இல்லிங்கய்யா.”

“நீ வேற ஏதோ கவனிச்சிருக்கே. கம்மின்னு சொல்லியிருக்கே. இன்னா கம்மி?”

நான் உள்ளதைச் சொன்னால் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். சினிமாவைப் பற்றித்தானே பேசுகிறார், நானும் சினிமாவைப் பற்றித்தானே சொன்னேன் என்று நினைத்தேன்.

“கலருங்கய்யா. சிவப்பா காட்டுனாங்க. சிவப்பா இருக்காது. நீலமாப் போயிடும். செருப்பு நுழையாது. தடிமன் கம்மியா காட்டிட்டாங்க.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“எங்க பாத்தே?”

அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. சுவரோரம் நின்ற ஏட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தோல்லங்கய்யா. தோல் வேல செய்யறேன்.”

“மாட்டுத் தோல்லயா, மனுசத் தோல்லயா?”

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது தேய்ந்து அடங்குகிற வரைக்கும் அவர் காத்திருந்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

“சரி. படம்னா ஆயிரம் கருத்து இருக்கும். மாத்திக்கலாம், தப்பில்ல. அன்னிக்குப் போட்டிருந்த சட்ட எங்க?”

எனக்குப் புரியவில்லை. ஏட்டுதான் புரிய வைத்தார். தியேட்டர் வாசலில், அதே சட்டையில், இன்னொரு தடவை கேபிள்காரர் கேட்பார். நான் வேறு மாதிரி சொல்ல வேண்டும். அன்றைக்கே சொன்னது போலத் தெரியும். இன்ஸ்பெக்டர் அதற்குள் வேறு ஒரு காகிதத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். இப்போது கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. வாக்கியம் வாய்க்குள் இருந்தது. ஐயா, தம்பி கையெழுத்துப் போட்ட பேப்பரக் குடுத்துடுங்க. அவர் தலை நிமிரட்டும் என்று நின்றேன். அவர் நிமிரவில்லை. ஏட்டு என் தோளைத் தொட்டார்.

ஏட்டு தன் வண்டியில் வீட்டுக்குக் கூட்டிப் போனார். சட்டை கொடியில் கிடந்தது. என் மனைவி அப்போதுதான் துவைத்துப் போட்டிருந்தாள். நீர் சொட்டியது.

“பரவால்ல, போட்டுக்கோ,” என்றார் ஏட்டு.

என் மனைவி சட்டையைப் பிழிந்து கொடுத்தாள். சரியாகப் பிழிய வரவில்லை. ஏட்டு வாங்கி அவரே நன்றாகப் பிழிந்து உதறிக் கொடுத்தார். தம்பி வீட்டில் இல்லை. லோடு எடுத்துப் போயிருந்தான்.

ஈரச்சட்டையோடு தியேட்டர் வாசலில் நின்றேன். கேபிள்காரர் என் கண்ணைப் பார்க்கவில்லை. மைக்கை மட்டும் நீட்டினார்.

“படம் எப்படிண்ணா?”

“ஜாஸ்தி.”

“இன்னாண்ணா ஜாஸ்தி?”

“போலீஸப் பத்தி காட்டுனது ஜாஸ்தி. நெசத்துல அப்படி இல்ல.”

“இன்னொரு தடவ,” என்றார் ஏட்டு. “கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா.”

இன்னொரு தடவை சொன்னேன். அது போதும் என்றார். கேபிள்காரர் கேமராவை மூடிக்கொண்டு போனார். நானும் ஏட்டும் மட்டும் நின்றோம். வெயில் சட்டையைக் காய வைத்துக்கொண்டிருந்தது. மிஷின் சத்தம் இல்லை. ஜனம் இல்லை. கேட்பதற்கு அதை விட நல்ல இடம் கிடைக்காது.

ஏட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தார். என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும்.

“இன்னா?”

“ஒண்ணுமில்லிங்கய்யா.”

போய்விட்டார்.

நான் நேராக வீட்டுக்குப் போகவில்லை. பாலாற்றுப் பாலம் வரைக்கும் நடந்தேன். திரும்பி வந்தேன். வாசலில் ஆட்டோ நின்றது.

“குடுத்தாங்களா?”

“இல்ல.”

“கேட்டதுக்கு இன்னா சொன்னாங்க?”

நான் சட்டையைக் கழற்றினேன்.

“அண்ணா, கேட்டியா?”

“இல்ல.”

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையை ஆட்டிக்கொண்டான். என் மனைவியிடம் சோறு போடச் சொன்னான். ரசம் ஊற்றிச் சாப்பிட்டான். கை கழுவினான்.

சாயங்காலம் டீவியில் போட்டார்கள். வாத்தியாருக்குப் பிறகு நான் வந்தேன். தலைமுடி அன்றைக்கு இருந்த மாதிரி இல்லை. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பார்த்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும். காட்டுனது ஜாஸ்தி என்றேன். நெசத்துல அப்படி இல்ல என்றேன். சிரித்தேன். தம்பி முழுதாகப் பார்த்தான். நகைக்கடை விளம்பரத்தையும் முழுதாகப் பார்த்தான்.

“அண்ணிகிட்ட சொல்லிட்டேன். ஓசூர்ல ஒரு தோஸ்து இருக்கறான். கிரானைட் லாரி ஓட்டக் கூப்புடறான்,” என்றான்.

“எப்போ?”

“நாளைக்கு.”

இரு என்று நான் சொல்லவில்லை. எதை வைத்துச் சொல்வது. காலையில் ஆட்டோ ரிப்பேர் என்றும், பள்ளிகொண்டாவுக்குச் சுமை இறக்கப் போவதாகவும் தெருவில் எல்லோரிடமும் சொன்னான். ஆட்டோவை எங்கள் வீட்டுச் சந்தில் விட்டுத் தார்ப்பாய் போட்டு மூடினான். பையோடு பஸ் ஏறினான். பள்ளிகொண்டா வழியாகப் போகும் வேலூர் பஸ் இல்லை. கிருஷ்ணகிரி பஸ்.

கம்பெனியில் பாய் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார். “நானா இருந்தாலும் அப்படித்தான்யா சொல்லியிருப்பேன்.” கம்மி அண்ணன் என்ற பேர் போய்விட்டது. வேறு பேர் வைக்கவில்லை. கையை அழுத்திவிட்டுப் போனவர்கள் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார்கள்.

தம்பி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தான். பொங்கலுக்கு. காலையில் வருவான், பொழுது சாய்வதற்குள் போய்விடுவான். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். ஊருக்குக் குடும்பத்தைக் கூட்டி வரவில்லை. பேச்சுவாக்கில் ஒரு தடவைகூட அந்த வெள்ளிக்கிழமையைச் சொன்னதில்லை. யாராவது, “தம்பி எங்க இருக்கான்?” என்று கேட்டால் பம்பாய் என்று சொல்லச் சொன்னான். சொன்னேன். இன்ஸ்பெக்டர் மாறிப் போனார். அவருக்குப் பின் வந்தவரும் மாறினார்.

ஏட்டு ரிட்டயர் ஆன பிறகு ஒரு நாள் காய்கறி மார்க்கெட்டில் பார்த்தேன். முருங்கைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். ஏழு வருஷம் வாய்க்குள் வைத்திருந்தது வெளியே வந்தது.

“ஐயா, தம்பி கையெழுத்துப் போட்ட பேப்பரு...”

“எந்தப் பேப்பரு?”

சொன்னேன். தோல் குடோன், லோடு ஆட்டோ, மூன்று நாள். அவர் உண்மையாகவே யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார்.

“ஞாபகம் இல்லப்பா. அது மாதிரி கட்டுக்கட்டாக் கெடக்கும். பில்டிங் மாத்துனப்ப பாதிய எலி தின்னுடுச்சி.” முருங்கைக்காயைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் விட்டு நகர்ந்தேன். இரண்டடி போன பிறகு அவர் பின்னாலிருந்து சொன்னார். “இருந்தாலும் இருக்கும்.”

அன்றைக்கே ஓசூருக்குப் போன் போட்டேன். ஏட்டு சொன்ன இரண்டையும், சொன்ன வரிசையில், அப்படியே தம்பியிடம் சொன்னேன். நானாக எதுவும் சேர்க்கவில்லை. அவன் பக்கத்தில் லாரி ஓடும் சத்தம் கேட்டது. அவன் குழந்தை எதற்கோ அழுதது.

“அப்ப நான் இங்கியே இருந்துக்கறேண்ணா,” என்றான்.